குடாநாட்டின் காற்றும் கொழும்பின் கோவைகளும்



யாழ்ப்பாணத்து மக்கள் காற்றுக்குப் பெயரிட்டு வாழ்ந்தவர்கள். வடகிழக்கிலிருந்து வருவது வாடை; தென்மேற்கிலிருந்து வருவது சோளகம்; கிழக்கே எழுவது கொண்டல்; மேற்கே எழுவது கச்சான். பாய்விரித்துக் கடலோடியவனும், புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவனும், வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கலன்று விண்பூட்டிய பட்டம் ஏற்றியவனும் இப்பெயர்களைக் கொண்டே தத்தம் நாளைக் கணித்தனர். காற்று எத்திசையிலிருந்து வருகின்றது என்று அறிந்தாற் போதுமானதாயிருந்தது. அது எதைச் சுமந்து வருகின்றது என்று கேட்கவேண்டிய காலம் பின்னரே வந்தது. அக்காலம் குடாநாட்டுக்கு எவ்வாறு வந்தது, வந்தபோது அதனைக் கவனிக்கும் பொறுப்பு அரசின் எந்தெந்தக் கைகளில் இருந்தது, ஒரு கை செய்வதை மறு கை அறிந்திருந்ததா என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8ஆம், 9ஆம் நாட்களை முதலில் நினைவுகூர்வோம். வங்கக் கடலிலே மாண்டஸ் என்னும் சூறாவளி தமிழகக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 9ஆம் நாள் இரவு அது மாமல்லபுரத்துக்கு அண்மையிற் கரையேறியது. அந்தச் சுழலின் இழுப்பில், இந்தியப் பெருநிலத்தின் மாசடைந்த காற்று இலங்கையின்மீது வந்து படிந்தது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. யாழ்ப்பாணம், வவுனியா, கண்டி, கொழும்பு முதலிய நகரங்களிற் காற்றின் தரத்தைக் காட்டும் சுட்டெண் உடல்நலத்துக்குக் கேடான எல்லையைக் கடந்தது. கல்வி அமைச்சு 9ஆம் நாள் பாடசாலைகளை மூடியது. முகக்கவசம் அணியுமாறு மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் மடிந்தன. அவற்றின் சாவுக்குக் கடுங்குளிரே காரணம் என்று கூறப்பட்டது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. காற்றை அளந்தது ஒரு நிறுவனம். அந்த அளவுக்கு எல்லை வகுக்கும் சட்டம் வேறொரு நிறுவனத்தின் கையில். சூறாவளியைக் கணித்தது வளிமண்டலவியல் திணைக்களம். பிள்ளைகளை வீட்டில் நிறுத்தியது கல்வி அமைச்சு. மூச்சுத்திணறலுடன் வந்தோரைப் பார்த்தவை சுகாதாரத்துறையின் வைத்தியசாலைகள். கால்நடைகளின் உடலைச் சோதித்தது கால்நடைத் திணைக்களம். வந்ததோ ஒரே காற்று. அது கொழும்பிலே ஆறு கோவைகளாய்ப் பிரிந்தது. ஒவ்வொரு கோவையும் தன்னளவிற் சரியாகவே எழுதப்பட்டிருக்கலாம். அவற்றை ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் கடமை யாருக்கு என்பதே வினா.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி சூழ்ந்தது. ஸ்மித்ஃபீல்ட் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சுத்திணறின, சில மடிந்தன. மனிதருள் ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர் என்பது முதற் கணக்கு. பின்வந்த ஆய்வுகள் அத்தொகையை மேலும் உயர்த்தின. அங்கும் முதலில் ஒரு திணைக்களம் மற்றொன்றைக் கைகாட்டியது. தூய காற்றுச் சட்டம் பிறப்பதற்கு 1956ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டுகளிலே நமது குடாநாட்டில் நிலை யாது? 1950இற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள். சுண்ணாம்புக்கல் அங்கேயே நிலத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. வேலையும் ஊதியமும் வந்தன. நாட்டின் அணைகளுக்கும் பாலங்களுக்கும் உள்ளூர்ச் சீமெந்து கிடைத்தது. வடபகுதி மக்கள் அதனைப் பெருமையோடு நோக்கியதிற் பிழையில்லை.

ஆனால் சீமெந்துச் சூளையின் இயல்பு ஒன்றுண்டு. அதன் குழாயிலிருந்து இரண்டு பொருள்கள் வெளியேறும். ஒன்று தூசு. அது அயலிலே, ஓட்டிலும் இலையிலும் நெஞ்சிலும் படியும். மற்றொன்று காபனீரொட்சைட்டு. எரிபொருள் எரிவதால் மாத்திரமன்று, சுண்ணாம்புக்கல் சூட்டிற் சிதைவதாலும் அந்த வாயு எழும். அது கண்ணுக்குத் தெரியாது. அயலவரை இருமச் செய்யாது. உலகமெங்கும் கலந்து நூற்றாண்டுகள் நிற்கும். முன்னையதை இன்று காற்று மாசு என்கின்றோம். பின்னையதைக் காலநிலை மாற்றத்தின் காரணி என்கின்றோம். குழாய் ஒன்றுதான். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே சார்ள்ஸ் கீலிங் என்னும் அறிஞர் காபனீரொட்சைட்டை இடைவிடாது அளக்கத் தொடங்கியது 1958இலேதான். அப்போது காற்றின் பத்துலட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420க்கும் மேல். ஆகவே 1950இல் இரண்டாவது பொருளைப்பற்றி எவரும் கேளாதது வியப்பன்று.

முதலாவது பொருளுக்கேனும் சட்டம் இருந்ததா? இருந்தது, ஒருவகையில். 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் அயலவன் ஒருவன் நீதவானிடம் முறையிடலாம். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் மதிலுக்கு உள்ளே வேலை செய்பவனைப் பாதுகாத்தது. மதிலுக்கு வெளியே இருப்பவன் எவ்வளவு தூசைச் சுவாசிக்கலாம் என்று எண்ணிட்டுக் கூறிய சட்டம் எதுவும் இருக்கவில்லை.

அத்தகைய சட்டத்துக்கு வழிகோலியது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம். அதன்படி 1981இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றியது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், மாசை வெளியேற்றும் தொழில்கள் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற விதி வந்தது. 1994இற் காற்றுத் தரத்தின் எல்லைகள் வர்த்தமானியில் வெளியாகின. 2008இல் அவை திருத்தப்பட்டன. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும், இரண்டரை மைக்கிரோனுக்கு மேற்படாத நுண்துகளுக்கு ஒரு நாட் சராசரியாகக் கனமீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் என அப்போது எல்லை இடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்த அளவோ 15 மைக்கிரோகிராம்.

இச்சட்டங்கள் நாடு முழுவதுக்கும் உரியவை. ஆனால் 1990இன் பின்னர் குடாநாட்டின் நிலை வேறு. சீமெந்துத் தொழிற்சாலை அவ்வாண்டிற் போரினால் ஓய்ந்தது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரும்பொருளாயிற்று. அக்காலத்தை அறிந்த நேயர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெயில் ஓடின. அவை போன வழியெல்லாம் வெண்புகை நின்றது. இரவிலே ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியிட்ட சிறு விளக்கின் முன் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். கொழும்பு வர்த்தமானியிற் காற்றின் எல்லைகள் அச்சான 1994ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்தின் காற்றை அளக்கும் கருவியும் இல்லை, அதனை இயக்க மின்சாரமும் இல்லை. குண்டுக்கு அஞ்சிப் பதுங்குகுழியில் இருந்தவனுக்கு மண்ணெண்ணெய்ப் புகை ஒரு பொருட்டன்று என்று கூறலாம். ஆயினும் நெஞ்சு அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

போர் குடாநாட்டைத் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டித்திருந்தது. ஆதலால் மின்சாரம் மீண்டபோது அது எண்ணெயை எரித்தே மீண்டது. சுன்னாகத்திலே தனியார் மின்பிறப்பாக்கிகள் இயங்கின. போர் முடிந்ததை அடுத்த ஆண்டுகளில் நோர்தேர்ன் பவர் என்னும் நிறுவனத்தின் நிலையம் அங்கே மின்சாரம் பிறப்பித்து இலங்கை மின்சார சபைக்கு விற்றது. 2013இல் மின்சார சபை தானே ‘உத்துரு ஜனனி’ என்னும் 24 மெகாவாற்று நிலையத்தையும் சுன்னாகத்தில் திறந்தது. இருளில் இருந்த மக்களுக்கு விளக்கு எரிந்தது. நீரிறைக்கும் பம்பிகள் ஓடின. அதனை அன்று வரவேற்காதவர் எவருமில்லை.

பின்னர் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது.

யாழ்ப்பாணத்துக் கிணறு என்றால் என்ன என்பதை வெளியூர் நேயர்களுக்குச் சிறிது கூறுதல் வேண்டும். இக்குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கற் படையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் மழைநீர் தேங்குகின்றது. அதுவே குடிநீர், அதுவே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர். ஓரிடத்தில் ஊற்றியது மற்றோரிடத்துக்கு நிலத்தடியிற் செல்லும். வேலி அதனைத் தடுக்காது. கடல்மட்டம் உயர்ந்தாலும், மழை பொய்த்தாலும், அளவுக்கு மீறி இறைத்தாலும் அதே படைக்குள் உப்புநீர் புகும். ஆகவே காலநிலை மாற்றம் குடாநாட்டவனுக்குத் துருவத்துப் பனிமலைச் செய்தியன்று; அவன் கிணற்றுக் கட்டின் செய்தி.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த ஒன்றரைக் கிலோமீற்றர் வட்டத்தில் 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெய், கொழுப்பின் அளவு எல்லையை மீறியிருந்தது. வடமாகாண சபை தனது நிபுணர் குழுவொன்றை நியமித்தது. அக்குழுவின் முடிவும் நீர் வழங்கல் சபையின் முடிவும் ஒத்துப்போகவில்லை. தாய்மார் எந்த அறிக்கையை நம்பிப் பிள்ளைக்கு நீர் கொடுப்பது? பவுசர் வண்டிகளில் நீர் வந்தது. மக்கள் வீதியில் இறங்கினர்.

இங்கும் கைகளை எண்ணிப் பாருங்கள். மின்சாரத்தை வாங்கியது மின்சார சபை. முதலீட்டை வரவேற்பது முதலீட்டுச் சபையின் பணி. அனுமதிப்பத்திரம் சுற்றாடற் சட்டத்தின் கீழ் வருவது. குடிநீர் நீர் வழங்கல் சபைக்குரியது. நோயை ஆராய்வது சுகாதாரத்துறை. பவுசரை அனுப்புவது உள்ளூராட்சி. மாகாண சபைக்கு மக்களின் வாக்கு இருந்தது. எண்ணெயின் வால்வை மூடும் அதிகாரம் இருந்ததா என்பது ஐயம். இவற்றுள் எந்த ஒன்றும் தீயநோக்குடன் இயங்கியது என்று நான் கூறவில்லை. தத்தம் கோவையை மட்டும் படிப்பவர்கள் பலர் கூடினாலும் ஊரின் கேடு ஒருவர் கண்ணிலும் முழுமையாகப் படாது என்பதே என் கருத்து.

இறுதியிற் கோவைகளையெல்லாம் ஒரே மேசையில் விரிக்கும் வேலை நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. ரவீந்திர குணவர்தன காரியவசம் என்பவர் பொதுநலன் கருதி 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதனை எழுதியவர் நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்ற நெறியின்படி, நோர்தேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா செலுத்தவேண்டுமெனக் கட்டளையிடப்பட்டது. ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாது. இலங்கையின் சுற்றாடற் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்புக்குத் தனியிடம் உண்டு. எனினும் ஒரு கிணற்றின் கதை கேட்கப்படுவதற்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. மேலும், அவ்வழக்கின் பொருள் நிலத்தடி நீர். அதே எண்ணெய் எரிந்தபோது எழுந்த புகையும் காபனீரொட்சைட்டும் அதன் பொருளல்ல. அவற்றுக்கு வேறு கோவை.

அந்த வேறு கோவையும் ஒன்றன்று, இரண்டு. இலங்கை 1993இல் ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றச் சமவாயத்தை ஏற்றது. 2008இற் சுற்றாடல் அமைச்சிலே காலநிலை மாற்றச் செயலகம் நிறுவப்பட்டது. 2012இல் தேசிய காலநிலை மாற்றக் கொள்கை வந்தது. காற்று மாசுக்கோ அதே அமைச்சில் வளி வள முகாமைத்துவ நிலையம் என்று ஒன்று முன்னரே தோன்றியிருந்தது. பல திணைக்களங்களையும் கூட்டிவைத்துப் பேசுவதே அதன் நோக்கம், நோக்கம் நல்லது. ஆயினும் ஒரே கூரையின் கீழ் இரண்டு கதவுகள் என்ற நிலை நிலைத்துவிட்டது. பிரித்தது விஞ்ஞானமன்று, நிருவாக வசதி.

விஞ்ஞானம் இவ்விரண்டையும் சேர்த்தே காட்டியது. காட்டியவர்களுள் ஒருவர் நம்மவர் என்பது மகிழ்ச்சிக்குரியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று அமெரிக்கா சென்ற வீ. இராமநாதன் அவர்கள், நோபல் பரிசு பெற்ற போல் குருட்சன் அவர்களுடன் சேர்ந்து, 1999ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை இந்துமா சமுத்திரத்தின் மேலே பெரும் ஆய்வொன்றை நடத்தினார். மாலைதீவின் காசிதூ என்னும் தீவில் ஆய்வுநிலையம் அமைந்தது. விமானங்களும் கப்பல்களும் ஈடுபட்டன. வாடைக் காலத்திலே தெற்காசியப் பெருநிலத்தின் புகை, தூசு, கரி யாவும் பழுப்பு நிறப் படலமாய்க் கடலின்மேற் பரவி நிற்பதை அவர்கள் கண்டனர். அப்படலத்திலுள்ள கரி சூரிய வெப்பத்தை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகின்றது. கந்தகப் புகையிற் பிறந்த துகள்களோ ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்ச்சி செய்கின்றன. ஆகவே டீசலின் கரியைக் குறைத்தால் நெஞ்சுக்கும் நன்மை, காலநிலைக்கும் நன்மை. கந்தகத்தை மட்டும் நீக்கினால் நெஞ்சுக்கு நன்மை. ஆனால் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும். அதற்காகக் கந்தகத்தை விட்டுவைக்க வேண்டும் என்று எவரும் கூறார். கூடவே காபனீரொட்சைட்டையும் குறைக்கவேண்டும் என்பதே பொருள். இதனை ஒரு கதவுக்குள் இருந்து மட்டும் தீர்மானிக்க இயலாது.

எல்லை கடக்கும் காற்றுக்கென ஓர் உடன்பாடும் உண்டு. தென்னாசியக் கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் என்ற அமைப்பு 1982இற் பிறந்தது. அதன் தலைமையகம் கொழும்பிலேயே உள்ளது. அவ்வமைப்பின் முயற்சியால் 1998இல் மாலே பிரகடனம் ஏற்கப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் அதிற் பங்காளிகள். அளப்பது, அறிவிப்பது, கூடிப் பேசுவது ஆகியவற்றை அது கூறுகின்றது. எவரையும் சட்டத்தாற் கட்டுவதில்லை. 2022 டிசம்பரில் வாடையோடு வந்த புகைக்கு மாலே பிரகடனத்தை மேற்கோள் காட்டலாம். அதனைக் காட்டி எவரையும் நிறுத்த முடியாது.

ஒருங்கிணைப்பு எப்போதும் தோற்றதென்று கூறுவதும் நீதியன்று. 2002இல் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டது. நாட்டின் ஒரே சுத்திகரிப்பு நிலையம் சப்புகஸ்கந்தையில். அந்நாளில் எரிபொருள் வணிகம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கையில். குழாயை ஓரிடத்தில் மூடினார்கள். பருத்தித்துறை வரை ஈயம் நின்றது. 2008இல் மேல்மாகாணத்தில் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை அவ்வளவு எளிதன்று. அங்கே குழாய்கள் லட்சக்கணக்கில் ஓடித் திரிகின்றன. அவற்றுக்குப் பொறுப்பான திணைக்களங்களும் பல.

குடாநாட்டின் காற்றே மின்சாரமாகவும் மாறியிருக்கின்றது. பளைப் பகுதியிலே புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் 2014இல் தலா 10 மெகாவாற்று வலுவுள்ள காற்றாலைகள் சுழலத் தொடங்கின. சோளகம் வீசும் மாதங்களில் அவற்றின் பெரிய இதழ்களை வழிப்போக்கர் நின்று பார்ப்பதுண்டு. எண்ணெயும் இல்லை, புகையும் இல்லை.

தீவுகளின் கதை இவ்வளவு நேர்மையாகச் செல்லவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் மின்வலையமைப்புக்கு அப்பால், டீசல் இயந்திரங்களை நம்பியிருந்தவை. சூரியனும் காற்றும் மின்கலமும் சேர்ந்த கலப்பு மின்திட்டமொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதனைச் சீன நிறுவனமொன்றுக்கு வழங்க அனுமதித்தது. தமிழகக் கரைக்கு இவ்வளவு அண்மையில் சீனர் வருவதை இந்தியா விரும்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தரப்பு பணியை நிறுத்தியதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாகியது. இந்தியா 1 கோடியே 10 லட்சம் டொலரை நன்கொடையாகக் கொடுக்க முன்வந்தது. வேலைக்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பமிடப்பட்டது. ஆக, எரிசக்தி, சுற்றாடல் என்ற கோவைகளுக்கு மேலே வெளிநாட்டு உறவு என்ற கோவை வந்து அமர்ந்தபோது மூன்று ஆண்டுகள் கழிந்தன. அம்மூன்று ஆண்டும் தீவுகளில் டீசலே எரிந்தது.

2021இல் இலங்கை உலகுக்கு அளித்த உறுதிமொழியில், 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க வழிகளிற் பெறுவதாகக் கூறியது. அந்த எழுபதில் மூன்று தீவுகளின் பங்கு மிகச் சிறிது. திட்டத்தின் அளவுகள் இவை: சூரிய ஒளியில் 1,700 கிலோவாற்று, காற்றில் 530 கிலோவாற்று, மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி, மழைமூட்டமும் காற்றின்மையும் சேர்ந்துவரும் நாட்களுக்குக் காப்பாக 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரம்.